பீரங்கிக்கு முன்னால் பெயர்களைப் படியுங்கள்

சின்ட் யூஸ்டேஷியஸ் தீவின் அரசுக்கும், முதல் பீரங்கி மரியாதையின் 250ஆம் ஆண்டு விழாவை நடத்தப் போகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

2026 நவம்பர் 16ஆம் தேதியோடு, உங்கள் ஒரானியே கோட்டையிலிருந்து அமெரிக்கக் கப்பலுக்குப் பீரங்கி மரியாதை செய்து 250 வருடம் நிறைகிறது. தீவின் செல்லப்பெயரால் வருடா வருடம் ஸ்டேஷியா தினமாக நீங்கள் கொண்டாடும் நாள்தான். ஆனால் 250 என்பது பெரிய எண், வெளியிலிருந்து விருந்தினர்கள் வருவார்கள், பேச்சுகள் இருக்கும், கேமராக்கள் இருக்கும். அந்த நாளில் பீரங்கி வெடிப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். அது என்ன என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதி இங்கே வைப்பது, என் ஊர்க்காரர்களும் உங்கள் தீவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையால். அதனால் உங்களுக்கு மனப்பாடமான சங்கதிகளையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரன், இப்போது நெதர்லாந்துக் குடிமகன். 2010 அக்டோபர் 10 முதல் உங்கள் தீவு நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி, ஆக நீங்களும் நானும் ஒரே நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். அதைவிடப் பழைய உறவும் ஒன்று இருக்கிறது. 1781 பிப்ரவரியில் ஆங்கிலேயர் உங்கள் தீவைப் பிடித்தார்கள். அதே போரில், அதே வருடம் நவம்பரில், டச்சுக்காரர்களிடமிருந்து எங்கள் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்த இரண்டு டச்சுத் துறைமுகங்கள் ஒரே வருடத்தில் கைமாறியதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஸ்டேஷியாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் என் ஊர்க் கதையின் பாதி எனக்கே விளங்கியது.

கரீபியன் கடலில் இருக்கும் ஸ்டேஷியா எவ்வளவு சின்னது என்று நம்மவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 3,000 சொச்சம். ஒரு முனையில் குவில் என்ற தூங்கும் எரிமலை, 600 மீட்டர் உயரம், அதன் வாய்க்குள்ளேயே காடு வளர்ந்து கிடக்கிறது. ஊர் ஒன்றே ஒன்றுதான், ஒரானியெஸ்டாட். அது மேலூர், கீழூர் என்று பிரிந்திருக்கும். மேலூர் பாறை மேட்டின்மேல். கீழூர் கடலோரம்.

அந்தக் கீழூர்தான் ஒரு காலத்தில் அட்லாண்டிக் கடலின் பெரிய சந்தைகளில் ஒன்று. டச்சுக்காரர்கள் 1636இல் குடியேறினார்கள். அதன்பிறகு தீவு ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் என்று 22 முறை கைமாறியதாகச் சொல்வார்கள். 1756இல் தீர்வை இல்லாத துறைமுகமாக அறிவித்தார்கள், அப்புறம் பணம் கொட்டியது. வருடத்துக்கு 3,000 கப்பல்கள் வரை வந்து போன காலம் உண்டு, கரை நெடுகக் கிட்டங்கிகள் வரிசை கட்டி நின்றன, தீவுக்குத் ‘தங்கப் பாறை’ என்றே பட்டப்பெயர். 1775இல் இங்கே வந்திறங்கிய ஒரு ஸ்காட்லாந்துப் பெண் தான் பார்த்த கடைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்: பூவேலை செய்த மஸ்லின், வண்ணம் தீட்டிய பட்டு, இந்தியச் சரக்குகள், பக்கத்திலேயே மாலுமிகளின் சட்டையும் செருப்பும், அடுத்த கடையில் வெள்ளிப் பாத்திரம், அதற்கு ஒட்டினாற்போல் இரும்புச் சட்டியும் மண்வெட்டியும். அந்த மஸ்லினில் எங்கள் கரைப் பக்கத்து நெசவும் கலந்திருக்குமோ என்று இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்து எழுந்தபோது வெடிமருந்து வாங்க ஓடி வந்ததும் இங்கேதான். தேயிலைப் பெட்டியிலும் அரிசிப் பீப்பாயிலும் மறைத்து அனுப்பினார்கள், கொள்ளை லாபம். 1776 நவம்பர் 16 அன்று ஆண்ட்ரூ டோரியா என்ற அமெரிக்கக் கப்பல் புதுக் கொடியோடு துறைக்குள் வந்து குண்டு முழக்கி மரியாதை செய்தது. பதிலுக்கு என்ன செய்வது என்று கோட்டைத் தளபதி ஆபிரகாம் ரவெனே தயங்கினார், ஆளுநர் யோஹானஸ் டி கிராஃப் பதில் மரியாதை செய்யச் சொல்லி உத்தரவு போட்டார். 13 குண்டுக்கு 11 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வணிகக் கப்பல் என்றால் இரண்டு குறைத்து முழக்குவது வழக்கம், நானும் அப்படித்தான் செய்தேன், அதில் அரசியல் ஒன்றும் இல்லை என்று டி கிராஃப் பிறகு வாதாடித் தப்பினார். டேனிஷ்காரர்களின் செயின்ட் குரோய் தீவில் இதற்குச் சில வாரம் முன்பே அமெரிக்கக் கப்பல் ஒன்றுக்கு மரியாதை செய்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சும் இருக்கிறது. இருக்கட்டும். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கு வெளிநாட்டு அதிகாரி ஒருவர் வெளிப்படையாக மரியாதை செய்தது இங்கேதான் என்று 1939இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொடுத்த பட்டயம் உங்கள் கோட்டையில் இருக்கிறது, உங்கள் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

இந்தக் கதையை நீங்கள் பெருமையாகச் சொல்வதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இத்தனை சின்னத் தீவு உலக வரலாற்றில் ஒரு வரி பிடித்திருக்கிறது, அதைக் கொண்டாடாமல் விட முடியுமா? ஆனால் அந்த வரியில் வருகிற ஆட்கள் யார் என்று பாருங்கள். ஒரு அமெரிக்கக் கப்பல் தலைவன், ஒரு தளபதி, ஒரு ஆளுநர். டி கிராஃப் தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்த பெரும் பணக்காரர். அந்த வெடிமருந்துப் பீப்பாய்களைக் கப்பலிலிருந்து இறக்கிக் கிட்டங்கிக்குச் சுமந்தவர்கள், அந்தக் கற்களை அடுக்கியவர்கள், அந்த மேட்டுப் பாதையில் ஏறி இறங்கியவர்கள் எங்கே?

கீழூர் முனையில், பழைய ஆம்ஸ்டர்டாம் கோட்டை இருந்த இடத்தில், அடிமைகளை அடைத்துவைக்க மாடி வைத்த கட்டடம் ஒன்று இருந்ததல்லவா. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களை அங்கே வைத்திருந்து, சுற்றியுள்ள தீவுகளுக்கு விற்றார்கள். கடைத்தெருவில் பட்டும் வெள்ளியும் விற்ற அதே கரையில் மனிதர்களையும் விற்றார்கள். ‘தங்கப் பாறை’ என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் இதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

தீவைப் பிடித்த ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி ராட்னியின் கதையை நீங்கள் நன்றாகவே சொல்கிறீர்கள். 1781 பிப்ரவரி 3, டச்சுக்காரர்களோடு பிரிட்டன் போர் தொடங்கிய செய்தியே தீவுக்கு வந்து சேரவில்லை, பெரிய கப்பற்படையோடு வந்து நின்றுவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் துறையில் மாட்டின. டச்சுக் கொடியை இறக்காமல் பறக்கவிட்டு, விஷயம் தெரியாமல் வந்த கப்பல்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்தார். யூத ஆண்கள் 101 பேரைக் கூட்டி அடைத்து, துணியின் உள்தையலைக் கிழித்துக்கூடக் காசு தேடினார்கள். 30 பேரைக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லவும் விடாமல் செயின்ட் கிட்ஸுக்கு ஏற்றி அனுப்பினார்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இதைக் கண்டித்துப் பேசினார். 1739இல் கட்டிய ஹோனன் டாலிம் யூதத் தொழுகைக்கூடத்தின் மஞ்சள் செங்கல் சுவர் இன்றும் மேலூரில் நிற்கிறது, நான் வந்தபோது அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். கப்பல் சாயாமல் இருக்க அடித்தட்டில் பாரமாக ஏற்றி வந்த செங்கல் அது. கையை வைத்தால் வெயிலில் சுடுகிறது, ஓரங்கள் உப்புக்காற்றில் பொரிந்துபோய் மாவாக உதிர்கின்றன.

அப்புறம் அந்தச் சவப்பெட்டிக் கதை. ராட்னி பிடித்த பிறகு ஊரில் திடீரென்று சாவு கூடிவிட்டதாம், தினமும் சவ ஊர்வலம். இத்தனை சின்ன ஊரில் இத்தனை பேர் எப்படிச் சாகிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பிணம் இல்லை, பணமும் நகையும். இதை எனக்குச் சொன்ன உள்ளூர்ப் பெரியவர் ராட்னி நேற்றுத்தான் கப்பலேறிப் போனது போலச் சொன்னார். தீவுக்குள் நடந்த கொள்ளை மாதக்கணக்கில் ராட்னியைக் கட்டிப்போட்டதும், பிரெஞ்சுக் கப்பற்படை அந்த இடைவெளியில் அமெரிக்கக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்த அக்டோபரில் யார்க்டவுனில் ஆங்கிலேயர் சரணடைந்ததும் ஒரே சங்கிலி என்று வாதிடுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்தச் சங்கிலியின் விலையை உங்கள் ஊர் கட்டியது. கொஞ்ச காலம் சமாளித்தது, 1790 வாக்கில் 8,000 பேர் வரை இருந்தார்கள், பிறகு வணிகம் வேறு துறைகளுக்குப் போயிற்று, ஆட்களும் போனார்கள். கிட்டங்கிகளின் அடிச்சுவர்கள் இன்று கடலுக்குள் இருக்கின்றன. அலை தணிந்திருக்கும் நேரத்தில் கரையில் நின்று பார்த்தாலே தண்ணீருக்கடியில் கல்வரிசை நேர்கோடாக ஓடுவது தெரிகிறது, மூலை திரும்புகிறது, வாசல் இருந்த இடம் தெரிகிறது.

இந்த இரண்டு கதைகளிலும், மரியாதையிலும் கொள்ளையிலும், கறுப்பின மக்கள் வருவதே இல்லை. தீவின் அன்றைய மக்களில் பெரும்பகுதி அவர்கள்தானே. இன்றைய உங்களில் பெரும்பாலானவர்களின் பாட்டன் பாட்டிகள் அவர்கள்தானே.

அவர்களிடம் கதை இல்லாமல் இல்லை. பிளாக் ஹாரி இருக்கிறார். 1787இல் தாமஸ் கோக் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் வந்து இறங்கியபோது, அடிமையாக இருந்த ஹாரி ஏற்கெனவே ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு ஆட்கள் மயங்கி விழுந்தார்களாம். ஆளுநர் பயந்துபோய் வாயை அடைத்தார். கறுப்பர்கள் கூடி ஜெபம் செய்தால் சவுக்கடி என்று சட்டம் போட்டார்கள், ஹாரியை அடித்துச் சிறையில் போட்டு நாடுகடத்தினார்கள். பல வருடம் கழித்து அமெரிக்காவில் கோக் பிரசங்கம் முடித்து வெளியே வரும்போது ஒருவர் எதிரே வந்து, நான்தான் ஸ்டேஷியாவின் பிளாக் ஹாரி என்றாராம். ஊருக்குள் ஒரு சந்துக்கு அவர் பெயர் இருக்கிறது. சந்து போதாது, ஐயா. அந்த ஆளுநர் போட்ட சட்டத்தை விழா மேடையில் ஒருவர் வாசிக்க வேண்டும், அதைத் தாண்டி ஜெபித்தவரைப் பற்றி இன்னொருவர் பேச வேண்டும்.

1848 ஜூன் 12 இருக்கிறது. பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டினின் பிரெஞ்சுப் பகுதியில் அடிமைகள் விடுதலையான செய்தி காற்றில் வந்து சேர்ந்துவிட்டது. ஸ்டேஷியாவில் அடிமைப்பட்டிருந்தவர்கள் திரண்டு ஆளுநர் வீட்டு முன்னால் போய் நின்று எங்களுக்கும் விடுதலை கொடு என்று கேட்டார்கள். கெஞ்சவில்லை, கேட்டார்கள். தாமஸ் டூபர்சோய் முன்னின்றவர்களில் ஒருவர். கிடைத்தது துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் இறந்தார்கள், முன்னின்றவர்களில் ஆறு பேரைக் குராசோவுக்கு நாடுகடத்தினார்கள். அதற்குப் பிறகும் 15 வருடம், 1863 ஜூலை 1 வரை, இவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

என்னைக் கேட்டால் தீவின் வரலாற்றிலேயே ஆகப் பெரிய நாள் 1848 ஜூன் 12தான். 1776இல் வேறொரு நாட்டின் விடுதலைக்கு இங்கிருந்து மரியாதை செய்தார்கள். 1848இல் இந்த மண்ணின் மனிதர்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே வாய்விட்டுக் கேட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் விருந்தினருக்கு இதை விளக்கிச் சொல்வது கஷ்டமே இல்லை. அவர்கள் கொண்டாட வருகிற விஷயமும் இதேதானே!

சரி, நீலப் பாசிமணிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் செய்த கண்ணாடி. சுண்டுவிரல் நகம் அளவு, ஐந்து பட்டை, நடுவில் துளை, வெளிச்சத்தில் பிடித்தால் ஆழமான நீலம். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி இதைக் கொடுத்துப் பண்டம் வாங்கியது. தீவில் சொல்கிற கதைப்படி அடிமைப்பட்டவர்களுக்குள் இதுவே காசாக ஓடியது. ஒருத்தியைக் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் அவள் இடுப்பைச் சுற்றி வருகிற அளவு மணி சேர்த்தாக வேண்டும். 1863இல் விடுதலை வந்த அன்று எல்லோரும் மேட்டு விளிம்புக்குப் போய்ச் சேர்த்துவைத்த மணிகளை எல்லாம் கடலில் வீசி எறிந்தார்கள். அதனால்தான் இன்றும் கரையில் ஒதுங்குகிறது, முக்குளிக்கிறவர்கள் அதற்கென்றே ஓரிடத்தில் இறங்கித் தேடுகிறார்கள். நீ மணியைத் தேடிக் கண்டெடுப்பதில்லை, மணிதான் உன்னைத் தேடி வரும், வந்துவிட்டால் நீ தீவுக்குத் திரும்பி வருவாய் என்பார்கள்.

வீசியெறிந்ததற்கு எழுத்தில் சாட்சி தேடினால் ஏமாற்றம்தான், ஆய்வாளர்கள் இதைக் கட்டுக்கதைப் பக்கம்தான் வைப்பார்கள். எனக்கு அது பொருட்டே இல்லை. ஒரு சமூகம் தன் விடுதலை நாளை எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது? எஜமானின் காசு எங்களுக்கு வேண்டாம் என்று எறிந்தோம் என்கிறார்கள். அதை யாரும் அவர்களுக்கு எழுதித் தரவில்லை. விழாவுக்கு வருகிறவர்களிடம் அந்த மணியை அதிர்ஷ்டப் பொருளாக மட்டும் காட்டாதீர்கள் என்று கடைக்காரர்களையும் முக்குளிப்பு வழிகாட்டிகளையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். முழுக் கதையையும் சொல்லுங்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அந்த முன்னோர்களின் எலும்புகள் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021இல் விமான நிலையத்தின் அருகே மண் எடுப்பதற்காக நடந்த அகழாய்வில் 18ஆம் நூற்றாண்டின் ஆப்பிரிக்க இடுகாடு வெளிப்பட்டது, 40க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகளை வெளியே எடுத்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் தாத்தா பாட்டிகளைத் தோண்டுவதா என்று தீவு மக்கள் எதிர்த்து நின்றார்கள், வேலை நின்றது, பிறகு இதை ஆராயக் குழுவும் போட்டார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. வடக்கே கோடெட் கரையில் இன்னொரு ஆப்பிரிக்க இடுகாடு இருக்கிறது. அங்கே கரையைக் கடல் அரிக்கிறது, அரித்த இடத்தில் எலும்பு வெளியே தெரிகிறது. இதைக் காக்கத் தீவின் பணம் பத்தாது, ஹேக் நகரில் இருக்கும் டச்சு அரசு கொடுக்க வேண்டும். 2022 டிசம்பர் 19 அன்று அன்றைய டச்சுப் பிரதமர் ருட்டே அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார், 2023 ஜூலை 1 அன்று மன்னரும் கேட்டார். மன்னிப்புக் கேட்டவர்கள் அந்தக் கரையில் தடுப்புக்கல் போட்டுத் தர வேண்டும். விழாவுக்கு ஹேக்கிலிருந்து வருகிற அமைச்சரை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், கோட்டைக்கு அப்புறம் வரலாம். 2018 பிப்ரவரியில் தீவு மன்றத்தைக் கலைத்து நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்ட அரசு அது. அதிகாரத்தை எடுக்கக் காட்டிய வேகத்தை இதிலும் காட்டட்டும்.

இப்போது நான் கேட்க வந்தது.

1863இல் விடுதலை கொடுத்தபோது டச்சு அரசு நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? முதலாளிகளுக்கு. ஸ்டேஷியாவில் தலைக்கு 200 கில்டர். விடுதலையானவர்களுக்கு ஒரு சல்லிக்காசு இல்லை. அந்த 200 கில்டரை வாங்குவதற்கு முதலாளி தன்னிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் எழுதிப் பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. பணத்துக்காக எழுதிய கணக்குதான், ஆனாலும் அதில் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களைத்தான் 2026 நவம்பர் 16 காலையில், பீரங்கி முழங்குவதற்கு முன்னால், கோட்டை முற்றத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டும். தங்கள் முன்னோரின் பெயர் அதில் வரும்போது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை நேரம் ஆகிறதோ ஆகட்டும், விருந்தினர்கள் நின்று கேட்கட்டும். வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தால் போதும்.

என் ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன். 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்த கையோடு தஞ்சைச் சீமையில் கடும் பஞ்சம். பிழைக்க வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கொண்டுபோனார்கள். அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, உங்களுடையது மேற்கிந்தியக் கம்பெனி, கொடி ஒன்றுதான். எங்கள் கடற்கரையில் நின்று அவர்கள் பெயரைப் படிக்க இன்றுவரை யாரும் முயன்றதாக நான் கேள்விப்படவில்லை. நீங்கள் செய்து காட்டினால், அதைக் காட்டி எங்கள் ஊரிலும் கேட்பேன்.

பட்டியலைத் தேட, பிரதி எடுக்க, பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஹேக்கில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் எனக்கு ரயிலில் போகிற தூரம். சனி, ஞாயிறு மட்டுமல்ல, தேவைப்பட்டால் விடுப்புப் போட்டும் வருகிறேன்.

அன்புடன்,
நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன்
ராட்டர்டாம்